மர்மக் காய்ச்சல் என்று ஒரு காய்ச்சல் கிடையாது

சில மாதங்களுக்கு முன் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றிருந்தோம். கவிஞர் நண்பர் ஒருவர் என் வேலையைப் பற்றிக் கேட்டார். அமெரிக்க மருத்துவர்கள் எழுதும் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, அதிலுள்ள நோய்களுக்கு உரிய குறியீட்டைப் பரிந்துரைக்கும் மென்பொருளில் வேலை செய்கிறேன் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"ஒரு மனுசனோட வலிய மூணு எழுத்து நம்பரா மாத்துறீங்க. ஃபூக்கோ இதத்தான சொன்னார்? வகைப்படுத்துறதே ஒரு வன்முறை இல்லையா?"

டீ நன்றாக இருந்தது, நேரமும் ஆகிவிட்டிருந்தது. ஏதோ சிரித்துச் சமாளித்துவிட்டு பைக்கை எடுத்தேன். வீடு வந்து சேரும்வரை அத்தையின் ஞாபகம். அங்கே சொல்லாமல் விட்ட பதில்தான் இந்தக் கட்டுரை. நண்பர் இதைப் படிப்பார் என்று தெரியும். கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நம்புகிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

2012. நான் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலைக்கான கடிதத்துக்காகக் காத்திருந்த மாதங்கள். குற்றாலத்தில் சாரல் தொடங்கும் நேரம். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் மேற்குப் பகுதி முழுக்கக் காய்ச்சல். கடையநல்லூர் பக்கம் தெருவுக்கு நாலு வீட்டில் ஆள் படுத்திருந்தது. அத்தைக்கு (அப்பாவின் தங்கை, அப்போது வயது 43) ஒரு திங்கட்கிழமை காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் வலி, இடுப்பு கழன்று விழுவதுபோல வலி. பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டார்கள். வியாழக்கிழமை ஒரு லேபில் அட்டையில் சொட்டு விட்டுப் பார்க்கும் டெஸ்ட் எடுத்தார்கள். என்.எஸ்.1 பாசிட்டிவ். பிளேட்லெட் 62,000. வெள்ளிக்கிழமை காய்ச்சல் இறங்கியது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மாமா எனக்கு போன் போட்டு, "காச்ச விட்டுட்டு மாப்ள, இனி பயமில்ல" என்றார்.

டெங்குவைப் பற்றித் தெரிந்துகொள்ளவேண்டிய ஒரே ஒரு விஷயம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்: காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள், உடம்புச் சூடு தணியும்போது, சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். ரத்தம் கெட்டியாகும். நாடி மெலியும். கை கால் சில்லிடும். வயிற்று வலியும் நிற்காத வாந்தியும் அதன் முன்னறிவிப்புகள். நாமோ பிளேட்லெட்டை கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கேட்டுக்கொண்டிருப்போம். எவ்வளவு இருக்கு, ஏறுதா இறங்குதா, பப்பாளி இலை கொடுத்தாச்சா. உண்மையில் பலரைக் கொல்வது அந்தக் கசிவுதான். காப்பாற்றுவது நேரத்தோடு, அளவோடு ஏற்றப்படும் சலைன். அத்தைக்கு வெள்ளி இரவு வயிற்று வலி. சனிக்கிழமை காலை திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். சனிக்கிழமை இரவு இறந்துபோனாள்.

திங்கட்கிழமைப் பேப்பரில் உள்பக்கத்தில் ஒரு பத்தி வந்தது. மர்மக் காய்ச்சலுக்குப் பெண் பலி.

மர்மம்! கொசு கடித்தது தெரியும். லேப் அட்டையில் கோடு விழுந்தது தெரியும். எத்தனையாவது நாளில் என்ன ஆனது என்று தேதிவாரியாகச் சொல்ல வீட்டில் ஆறு பேர் இருந்தார்கள். டெங்கு மாதிரிக் காய்ச்சல் மெட்ராஸில் 1780லேயே பதிவாகியிருக்கிறது. அதே 1780ல் ஃபிலடெல்ஃபியாவில் பரவிய இதே மாதிரி ஒன்றை எலும்பை முறிக்கும் காய்ச்சல் என்று பெஞ்சமின் ரஷ் என்ற மருத்துவர் விவரித்தார். இரண்டேகால் நூற்றாண்டுக்கு மேலாக இந்த மண்ணுக்குத் தெரிந்த ஒரு நோய் எப்படி மர்மமாக முடியும்? பேய் பிசாசு பிடித்த வீட்டைப் பற்றிப் பேசுகிற தொனியில், சித்திரை வைகாசி என்றால் வெயில், புரட்டாசி ஐப்பசி என்றால் மர்மக் காய்ச்சல் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மருத்துவமனை கொடுத்த இறப்புக் குறிப்பில் மூன்று வரி இருந்தது. வைரல் காய்ச்சல். பிளேட்லெட் குறைவு. இதயமும் மூச்சும் நின்றுபோதல். மாமா அந்த மருத்துவரிடம், "டெங்குன்னு எழுதலையே சார்" என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, களைத்துப்போயிருந்தார். "எழுதினா ஆயிரம் கேள்வி வரும். நீங்க எடுத்தது கார்டு டெஸ்ட், அது கணக்குல வராது" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு பாதி சரி. அரசுக் கணக்கில் டெங்கு உறுதியாக வேண்டுமென்றால் எலைசா முறையில் பரிசோதனை செய்யவேண்டும். காய்ச்சல் தொடங்கி முதல் ஐந்து நாட்களுக்குள் என்றால் என்.எஸ்.1 எலைசா. அதற்குப் பிறகு என்றால் ஐ.ஜி.எம். எலைசா. அதற்கான கிட் புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனத்திலிருந்து நாடு முழுக்க அடையாளம் காணப்பட்ட மருத்துவமனைகளுக்குப் போகிறது. அட்டை டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் 'டெங்குவாக இருக்கக்கூடும்' என்பதுதான் தகுதி. இந்தக் கண்டிப்பில் எனக்குப் பிரச்சினை இல்லை. அட்டைகள் பொய் சொல்லும். ஐ.ஜி.எம். மற்ற ஃப்ளேவி வைரஸ்களோடு குழம்பும். ஆனால் 'இருக்கக்கூடும்' என்று எழுதலாமே? ரத்தம் லேபில் இருந்ததே, அதை எலைசாவுக்கு அனுப்பியிருக்கலாமே? உறுதியாகாததும் மர்மமும் ஒன்றா? இந்த இடத்தில்தான் அந்த மருத்துவர் சொன்னதன் மறுபாதி வருகிறது. ஆயிரம் கேள்வி வரும் என்பதுதான் அந்த மறுபாதி.

கேள்வி வரட்டும் என்பதற்காகத்தான் பெயரே வைக்கிறோம். டெங்கு என்று எழுதினால் கொசு வரும். கொசு என்றால் ஏடிஸ். அது சாக்கடைக் கொசு இல்லை, நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. நல்ல தண்ணீர் ஏன் டிரம்மில் ஒரு வாரமாக நிற்கிறது? குழாயில் தினமும் தண்ணீர் வராததால். ஏன் வரவில்லை? இப்படியே போனால் கேள்வி ஒரு அலுவலகத்தின் வாசலில் போய் நிற்கும். மர்மம் என்று எழுதிவிட்டால் கொசுவரைக்குமே வராது. சாயங்காலம் ஒரு வண்டி புகை அடித்துக்கொண்டு தெருவில் போகும், பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள். கசாயம் கொடுப்பார்கள். வீட்டுக்குள் டிரம் அப்படியே இருக்கும். அத்தை வீட்டு அடுப்படிக்குப் பின்னால் நீல நிறத்தில் இரண்டு டிரம் இருந்தன. பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சமைக்க அதிலிருந்துதான் தண்ணீர் மொண்டோம்.

இனி மைனி. என் அண்ணன் மனைவி. மைக்ரோபயாலஜி படித்துவிட்டு சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலையில் இருக்கிறார். இந்த வேலையைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் இன்று குறைவு. பயோடெக், பார்மசி, நர்சிங் முடித்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சென்னையிலும் திருச்சியிலும் கோவையிலும் உட்கார்ந்து அமெரிக்க நோயாளிகளின் குறிப்புகளைப் படித்துக் குறியீடு போடுகிறார்கள். ஒரு நாளைக்கு இத்தனை சார்ட் என்று டார்கெட். தரம் 95 சதவீதத்துக்குக் கீழே போனால் மேலிருந்து மெயில் வரும். நான் எழுதும் மென்பொருள் இவர்கள் வேலையைப் பாதியாக்கும் என்று என் கம்பெனியின் விற்பனைக்காரர்கள் சொல்கிறார்கள். மைனியிடம் இதை நான் விரிவாகப் பேசுவதில்லை.

சில வருடங்களுக்கு முன் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது மாமா பீரோவிலிருந்து அத்தையின் ஃபைலை எடுத்துக் கொடுத்தார். மைனி அதை வாங்கி, எத்தனையோ சார்ட் பார்த்த பழக்கத்தில், இரண்டு நிமிஷத்தில் புரட்டிவிட்டார்.

"தம்பி, இத வச்சு நான் கோட் பண்ணா பி34.9, டி69.6, ஐ46.9. அவ்வளவுதான் வரும். டெங்கு வராது."

பி34.9 என்றால் இன்னதென்று குறிப்பிடாத வைரஸ் தொற்று. டி69.6 பிளேட்லெட் குறைவு, காரணம் குறிப்பிடப்படவில்லை. ஐ46.9 இதயம் நின்றுபோதல், காரணம் குறிப்பிடப்படவில்லை. மூன்றிலுமே 'குறிப்பிடப்படவில்லை'.

"லேப் ரிப்போர்ட்ல பாசிட்டிவ்னு இருக்கே மைனி?"

"லேப பாத்து நாங்க கோட் பண்ணக்கூடாது தம்பி. டாக்டர் எழுதியிருக்கணும். எழுதலன்னா அவருக்கு க்வெரி போடணும். அதுலயும், டெங்குவான்னு கேக்கக்கூடாது, பதில நம்ம சொல்லிக்குடுத்த மாதிரி ஆயிரும். 'என்.எஸ்.1 பாசிட்டிவ், பிளேட்லெட் இவ்வளவு, இதுக்கான நோய் என்னன்னு தயவுசெய்து தெளிவுபடுத்துங்க'ன்னு கேக்கணும்."

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "போன மாசம் ஒண்ணு போட்டேன். போர்ட்டோ ரிக்கோ போயிட்டு வந்த ஆளு. ரெண்டு நாள்ல டாக்டர் பதில் போட்டுட்டாரு. ஏ90."

நான் சொல்ல வருவது இதுதான். சென்னையில் உட்கார்ந்திருக்கும் ஒரு தமிழ்ப் பெண், முகம் தெரியாத ஒரு அமெரிக்கனின் காய்ச்சலுக்குப் பெயர் இல்லாமல் இருப்பதைப் பொறுத்துக்கொள்ளாமல் கடல் தாண்டி ஒரு கேள்வி அனுப்புகிறாள். அங்கே ஒரு மருத்துவர் பதில் சொல்லக் கட்டாயப்பட்டிருக்கிறார். அதே பெண்ணின் சொந்தச் சித்தப்பாவோ என் அத்தையோ இறந்தால், கேள்வி அனுப்ப ஒரு முகவரி இல்லை.

உடனே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அமெரிக்காவில் இது மனித மாண்புக்காக நடப்பதில்லை, பில்லுக்காக நடக்கிறது. குறியீடு சரியில்லையென்றால் காப்பீட்டு நிறுவனம் பணம் தராது. பணத்துக்காக நோயைப் பெரிதாக்கிக் காட்டும் திருட்டும் அங்கே நடக்கிறது. அதைப் பிடிக்கத் தணிக்கை என்று தனித் தொழிலே இருக்கிறது. அந்த அமைப்பைக் கோயில் கட்டிக் கும்பிட நான் சொல்லவில்லை. வெளிநோயாளி என்றால் 'சந்தேகம்', 'இருக்கக்கூடும்' என்று மருத்துவர் எழுதியதைக் குறியீடாக்கக் கூடாது, வெறும் காய்ச்சல் என்று ஆர்50.9 போடு, உள்நோயாளி என்றால் அதே 'இருக்கக்கூடும்' வீட்டுக்கு அனுப்பும்போதும் நீடித்தால் நோய் இருப்பதாகவே போடு. இந்த வினோத விதியை மென்பொருளில் எழுதி முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. எழுதும்போது பல்லைக் கடித்தேன். ஆனால் அந்தக் கோணல் விதிக்கும் பின்னால், சந்தேகம் என்பதற்கு ஒரு இடம் கொடுக்கவேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். நம்மிடம் சந்தேகம் நேராக மர்மத்துக்குள் போய் விழுகிறது.

ஐ.சி.டி. என்ற இந்தப் பட்டியல் பில்லுக்காகப் பிறந்ததும் இல்லை. 1893ல் ஜாக் பெர்ட்டியோன் என்ற பிரெஞ்சுப் புள்ளியியலாளர் சிகாகோவில் முன்வைத்தது இறப்புக் காரணங்களின் பட்டியலை. ஊருக்கு ஊர் எதனால் மனிதர்கள் சாகிறார்கள் என்று ஒரே மொழியில் பேசவேண்டும் என்பது அதன் நோக்கம். அதன் பத்தாம் பதிப்பில் டெங்கு ஏ90, ரத்தக்கசிவு டெங்கு ஏ91 என்று இருந்தது. ரத்தம் வருவதைவிட நீர் கசிவதுதான் முக்கியம் என்று புரிந்த பிறகு, 2009ல் உலக சுகாதார நிறுவனம் நோயையே வேறு மாதிரிப் பிரித்தது: எச்சரிக்கை அறிகுறி இல்லாதது, உள்ளது, தீவிரமானது. அதற்கேற்பப் பட்டியலும் ஏ97 என்று மாறியது. அமெரிக்கா இன்னும் பழைய ஏ90, ஏ91ஐயே பிடித்துக்கொண்டிருக்கிறது. பதினோராம் பதிப்பில் வேறு எண்கள். நண்பரே, இதை வன்முறை என்கிறீர்கள். எனக்கு இது, தான் முன்னால் சொன்னது தப்பு என்று தெரிந்ததும் திருத்திக்கொள்கிற ஒரு பட்டியலாகத் தெரிகிறது. நம் விமர்சன மரபுகளில் எத்தனை அப்படித் திருத்திக்கொண்டன?

வகைப்படுத்துவது மேற்கத்திய நோய் என்பவர்கள் தொல்காப்பியர் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. அவர் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கியவர். சித்த மருத்துவ மரபு நோய்களை 4,448 என்று எண்ணி வைத்திருக்கிறது. எண்ணிக்கை சரியா என்பது வேறு கதை. நாம் எண்ணுவதற்கு அஞ்சியவர்கள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஃபூக்கோ மருத்துவமனையின் பார்வையைப் பற்றி எழுதியது 1963ல், பார்வை எங்கும் நிறைந்துவிட்ட பிரான்சில் இருந்துகொண்டு. கடையநல்லூரில் அத்தைமேல் அந்தப் பார்வை படவே இல்லை. பார்க்கப்படாதவர்களின் ஊரில் நின்றுகொண்டு பார்வையின் கொடுமையைப் பேசுவது, பசித்தவன் முன் கொழுப்பின் தீமையைப் பேசுவது மாதிரி.

கொஞ்சம் கணக்குக்கு வருவோம். 2012ல் தமிழ்நாட்டில் டெங்கு 12,826 பேருக்கு, இறப்பு 66 என்பது அரசு எண்ணிக்கை. அந்த 66ல் அத்தை இல்லை, இருக்கமுடியாது. எலைசா இல்லை, தாளில் பெயரும் இல்லை. 2014ல் டொனால்ட் ஷெப்பர்டும் மற்றவர்களும் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை இருக்கிறது. அதற்கான கள ஆய்வு நடந்தது நம் மதுரை மாவட்டத்தில். 2006 முதல் 2012 வரை இந்தியா ஆண்டுக்குச் சராசரியாக 20,474 டெங்கு நோயாளிகளை அறிவித்தது. மதுரையில் கண்டதையும் நிபுணர் குழுவின் கணிப்பையும் வைத்துத் திருத்தினால் ஆண்டுக்கு 57,78,406 வருகிறது என்றார்கள். அறிவித்ததைப்போல 282 மடங்கு. நிபுணர் கணிப்பில் ஊகம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். சண்டை போட்டுப் பாதியாக்குங்கள், 141 மடங்கு. இன்னும் பாதியாக்குங்கள், 70. எந்த வியாபாரி தன் கடைக் கணக்கில் இந்தத் துண்டை ஏற்றுக்கொள்வான்?

இறப்பின் கணக்கு இன்னும் மோசம். 2020ல் இந்தியாவில் பதிவான மரணங்களில் 22.5 சதவீதத்துக்குத்தான் மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தது. அதற்கான படிவம் 4 என்று ஒன்று உண்டு. மூன்று வரிகள்: உடனடிக் காரணம், அதற்குக் காரணமானது, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த நோய். இதயம் நின்றது, மூச்சு நின்றது என்று சாகும் விதத்தை எழுதாதே என்று படிவமே சொல்கிறது. செத்தவர் எல்லோருக்கும் இதயம் நின்றுதானே இருக்கும்? உலக அளவில் நோய்ச்சுமையைக் கணக்கிடுகிறவர்கள் இப்படிப்பட்ட பதில்களுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். குப்பைக் குறியீடு. அத்தைக்குக் கிடைத்தது அது.

நம் கையில் தரப்படும் இறப்புச் சான்றிதழில் காரணம் இருக்காது. வங்கிக்கும் பட்டாவுக்கும் நகலெடுத்து நகலெடுத்துத் தேயும் அந்தத் தாளில் பெயர், தேதி, இடம் மட்டும். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969ன்படி, பதிவேட்டிலிருந்து தரப்படும் சான்றில் இறப்புக் காரணத்தை வெளியிடக்கூடாது. அந்தரங்கம் காக்கும் நல்ல நோக்கம்தான். விளைவு, சொந்த அம்மா எதனால் செத்தாள் என்று அரசு எழுதி வைத்திருப்பதைப் பிள்ளையே பார்க்காமல் வளர்ந்தான். 2023ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது மருத்துவமனைகள் காரணச் சான்றைக் கட்டணம் இல்லாமல் எழுதவேண்டும், நகல் ஒன்றை நெருங்கிய உறவினருக்குத் தரவேண்டும். உங்கள் வீட்டில் துக்கம் நடக்கும்போது இதைக் கேட்பது கடினம், தெரியும். பாடைக்குக் கயிறு வாங்க ஓடுகிற நேரத்தில் யார் படிவம் கேட்பார்கள்? பக்கத்து வீட்டுக்காரராக, நண்பராகப் போயிருந்தால் நீங்கள் கேளுங்கள். ஆயிரம் கேள்விகளில் அது முதலாவதாக இருக்கட்டும்.

பெயர் புள்ளிவிவரத்துக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம், உயிருக்கும்தான். நம் ஊரில் டெங்கு மாதிரியே வருகிற இன்னொன்று உண்டு, ஸ்க்ரப் டைஃபஸ். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிக்குஞ்சு கடித்து வருவது. அதே காய்ச்சல், அதே உடல்வலி, பிளேட்லெட்டும் குறையும். ஆனால் இது வைரஸ் இல்லை. டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையில் பெரும்பாலும் அடங்கிவிடும், நேரத்தோடு கொடுத்தால். 'வைரல் ஃபீவர்' என்ற நம் செல்லச் சொல்லுக்குள் இதுவும் சேர்ந்து படுத்திருக்கிறது. வைரல் தானே, மூணு நாள்ல போயிரும் என்று அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்பதற்கும் எண் கிடையாது.

போன ஐப்பசியில் அம்மாவுக்குக் காய்ச்சல். தென்காசியில் ஒரு சின்ன கிளினிக், வயதில் என்னைவிடச் சின்னவராக ஒரு டாக்டரம்மா. சீட்டில் பாரசிட்டமால் எழுதிவிட்டு நிமிர்ந்தார். "என்ன காய்ச்சல்னு எழுதித் தாங்க மேடம்" என்றேன். "இன்னும் தெரியாதே" என்றார். "தெரியலங்கறதையே எழுதுங்க. எதெல்லாம் சந்தேகப்படுறீங்களோ அதயும்." விசித்திரமாகப் பார்த்தார். நான் கம்ப்யூட்டர் வேலை என்று அம்மா நடுவில் புகுந்து மன்னிப்பு கேட்கிற தொனியில் சொன்னாள். டாக்டரம்மா சிரித்துவிட்டு எழுதினார்: காய்ச்சல் 5ஆம் நாள், டெங்கு கேள்விக்குறி, ஸ்க்ரப் கேள்விக்குறி, இரண்டுக்கும் எலைசா. எழுதி முடித்தவர் ஏதோ தோன்றி, அம்மாவைப் படுக்கவைத்து அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு என்று டார்ச் அடித்துப் பார்த்தார். புடவைக் கொசுவம் செருகும் இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு.

ஸ்க்ரப் பக்கம் இருந்த கேள்விக்குறியை அவரே அடித்தார். டாக்ஸிசைக்ளின், காலையும் இரவும், ஏழு நாள். மறுநாள் இரவு காய்ச்சல் இறங்கியது. மைனிக்கு சீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். ஒரு சார்ட்டுக்கும் அடுத்த சார்ட்டுக்கும் நடுவில் பதில் வந்தது: "ஏ75.3 தம்பி. க்வெரி தேவையில்ல."